அசுணத்துக்கு என்ன தீனி?

சென்ற அத்தியாயத்தில் உங்கள் கற்பனை நாட்டுக்கு வரைபடம் போட்டோம். மேற்கு ஓரமாக ஒரு மலைத்தொடரையும் கிறுக்கி வைத்திருப்பீர்கள். இப்போது அந்த மலையில் மேய ஒரு விலங்கு வேண்டும். சிறகு முளைத்த புலி, நெருப்பு கக்கும் பாம்பு வகையறாக்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மேயும் விலங்கு இல்லாத மலையில் அவற்றுக்கு இரை கிடையாது.

இதை எழுதுபவன் சாயல்குடிக்காரன். ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், பனையும் உடையும் சீமைக்கருவேலமும் நிற்கும் தட்டை நிலம் எங்களுடையது. எங்கள் பக்கம் பர்வதம் என்று பேர் வாங்கியது ராமேசுவரத்துக் கந்தமாதன பர்வதம். போய்ப் பார்த்தால் மணல்மேடு. உண்மையான மலை வேண்டுமென்றால் அருப்புக்கோட்டை தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் வரை மேற்கே போக வேண்டும். இவன் மலைவிலங்குக்குப் பாடம் எடுப்பதா என்று நீங்கள் கேட்கலாம். எங்களிடம் ஆடு இருக்கிறது, உப்பு இருக்கிறது. இந்த அத்தியாயத்துக்கு அந்த இரண்டும்தான் முக்கியம்.

கொம்பில் தொடங்க வேண்டாம்

புதிதாக எழுத வருகிறவர்களின் நோட்டில் மலைவிலங்கு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பிறக்கிறது. மூன்று கொம்பு, நீல ரோமம், தணல் நிறக் கண், வாயில் நுழையாத ஒரு பெயர். இரண்டு பக்க வருணனை முடிந்ததும் கதாநாயகன் அதன்மேல் ஏறிப் போய்விடுகிறான். அன்று காலை அது என்ன தின்றது என்று கேட்டால் எழுதியவருக்கே தெரியாது.

எங்கள் ஊர்க் கிடைக்காரர் ஒருவரிடம் இப்படி ஒரு விலங்கைச் சொல்லிப் பாருங்கள். "அங்குட்டுப் புல்லு மொளைக்குமா?" என்பார். அடுத்து, "தண்ணிக்கு எங்க போகும்?" அதற்கும் அடுத்து, "ஈத்துக்கு எத்தன குட்டி?" கொம்பைப் பற்றி வாய் திறக்கமாட்டார். சந்தையில் ஆடு பிடிப்பவரும் அப்படித்தான். வாயைப் பிளந்து ரெண்டு பல்லா, நாலு பல்லா, ஆறு பல்லா என்று பார்ப்பார், வயசு தெரிந்துவிடும். முதுகில் கைவைத்து அழுத்திப் பார்ப்பார். குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். இந்தக் கேள்விகளை இதே வரிசையில் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் தீனி, பிறகு தண்ணீர், பிறகு குட்டி, பிறகு பல், பிறகு குளம்பு. கொம்பு மிச்சம் இருந்தால் வைக்கலாம்.

பல்லிலேயே எவ்வளவு கதை இருக்கிறது பாருங்கள். ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, கெட்டியான ஈறு மட்டும்தான். கீழ்ப்பற்களை அதில் அழுத்திப் புல்லைக் கவ்வித் தலையை வெட்டி இழுக்கும். குதிரைக்கு மேலும் கீழும் முன்பல் உண்டு. அது புல்லைத் தரையோடு ஒட்டக் கடித்துவிடும். இரண்டும் மேய்ந்துபோன இடம் ஒரே மாதிரி இருக்காது. உங்கள் கதையில் தடம் பார்த்துத் துரத்தும் வேடன் ஒருவன் இருந்தால் அவனுக்குக் குளம்படி தேவையில்லை. புல்நுனியைக் கிள்ளிப் பார்த்தே எந்த மந்தை எந்தப் பக்கம் போனது என்று சொல்லிவிடலாம்.

எங்கள் காட்டில் கொடி ஆடும் செம்மறியும் ஒரே மேய்ச்சலில் நிற்கும், தகராறு வருவதில்லை. கொடி ஆடு நெட்டைக்கால் வெள்ளாடு. பின்னங்காலில் எழும்பி, முன்னங்காலை உடைமரத்தில் ஊன்றி, முள்ளுக்குள் நாக்கைவிட்டுத் தழையை இழுக்கும். எட்டாத கிளையை ஆட்டுக்காரர் தொரட்டியால் வளைத்துத் தருவார். ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறிக்கு மேலே பார்க்கும் பழக்கமே இல்லை. குனிந்த தலை குனிந்தபடி தரைப்புல்லை மேய்ந்துகொண்டு போகும். கற்பனை மலையில் இரண்டு மேய்ச்சல் விலங்குகளை வைக்க நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒரே தீனியை இரண்டுக்கும் வைத்தால், சில தலைமுறையில் ஒன்று மற்றொன்றைத் துரத்திவிடும். அதுவே உங்கள் கதையாக இருந்தால் சரி.

யாளியை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். சிங்க உடம்பில் யானைத் துதிக்கையோடு நம் கோயில் மண்டபங்களில் வரிசையாக நிற்கிறதே, அதைவிடத் தமிழில் வேறு கற்பனை விலங்கு உண்டா என்பது அவர்கள் வாதம். சிற்பமாக எனக்கும் பிடிக்கும். ஆனால் தூணில் நிற்கும் யாளிக்குப் பசி கிடையாது, வழி நடக்க வேண்டியதில்லை, குட்டிக்குப் பால் கொடுக்க வேண்டியதில்லை. அது கல்லில் வாழ்கிறது. எழுத்தில் வாழப்போகும் விலங்குக்கு வேறு பாட்டன் வேண்டும்.

முடமோசியார் செய்தது

அந்தப் பாட்டன் புறநானூற்றில் இருக்கிறார். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பொதியமலைத் தலைவன் ஆய் அண்டிரனைப் பாடும்போது, வடக்கே இமயத்தில் வாழும் கவரியைச் சில வரிகளில் காட்டுகிறார். அது மணமுள்ள நரந்தைப் புல்லை மேய்கிறது. குவளை பூத்த சுனையில் தண்ணீர் குடிக்கிறது. பக்கத்தில் தகர மர நிழலில் தங்குகிறது. கூடவே அதன் துணை. அவ்வளவுதான் சொல்கிறார். கொம்பு எத்தனை முழம், ரோமம் என்ன நிறம் என்ற பேச்சே இல்லை. ஆனாலும் கவரி கண்ணுக்குத் தெரிகிறது. காவிரிக்கரையில் இருந்துகொண்டு இமயத்தையே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

கவரி என்றதும் திருக்குறள் நினைவுக்கு வரும். மயிர் போனால் உயிர் விடும் விலங்கு என்பது அறம் சொல்ல வசதியான உவமை. கதை எழுதுகிறவர் முடமோசியார் பக்கம் நிற்பது நல்லது. புல், சுனை, நிழல், துணை என்ற நான்கையும் உங்கள் விலங்குக்கு எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியைச் சரிவு முடிவு செய்யும். அதற்கு நமக்கு வரையாடு இருக்கிறது.

வரையாட்டிடம் கற்க வேண்டியவை

தமிழ்நாட்டின் மாநில விலங்கு இது. இமயமலைக்குத் தெற்கே, இந்தியாவில் மலைச்சரிவையே வீடாகக் கொண்ட குளம்பு விலங்கு இது ஒன்றுதான். நீலகிரி முதல் தெற்கே அகத்தியமலைப் பக்கம் வரை, பெரும்பாலும் 1,200 முதல் 2,600 மீட்டர் உயரத்தில், சோலைக்காட்டுக்கு மேலே விரியும் புல்வெளிகளில் மேய்கிறது. எங்களுக்குக் கிட்டத்தில் இருப்பவை ஸ்ரீவில்லிபுத்தூர் மலை மேல் மேய்கின்றன.

புல் திறந்த வெளியில் இருக்கிறது, ஒளிய இடமில்லை. சிறுத்தை, செந்நாய், புலி மூன்றும் அதே மலையில் உண்டு. சமதள விலங்காக இருந்தால் ஓடித் தப்ப வேண்டும். வரையாடு ஓட்டப் பந்தயத்துக்கே போவதில்லை. ஆபத்து என்றால் பக்கத்திலுள்ள செங்குத்துப் பாறைக்குத் தாவிவிடும். துரத்தி வருவது அங்கே கால் வைக்கத் தயங்கும். ஆகவே அது எவ்வளவு நல்ல புல்லாக இருந்தாலும், பாறையிலிருந்து வெகுதூரம் விலகி மேயத் துணியாது. இந்த ஒரு விதி உங்கள் வரைபடத்தையே மாற்றிவிடும். பாறை விளிம்பை ஒட்டிய புல் குட்டையாக இருக்கும். நடு வெளியில் புல் ஆளுயரம் நிற்கும். உங்கள் கதாபாத்திரம் அந்த உயரப் புல்லுக்குள் நடக்கும்போது அங்கே ஏன் எதுவும் மேயவில்லை என்று அவளுக்குத் தோன்ற வேண்டும்.

குளம்பைப் பாருங்கள். வெளி விளிம்பு கெட்டி. உள்ளே ரப்பரைப் போல மெத்தென்ற திண்டு. விளிம்பு பாறை இடுக்கில் மாட்டிக்கொள்ளும், திண்டு வழுக்கலைப் பிடித்துக்கொள்ளும். கண் பக்கவாட்டில் இருக்கிறது. கருமணி ஆட்டுக்கு இருப்பதுபோல் கிடைவாட்டில் நீளமானது. தலை குனிந்தாலும் கருவிழி உருண்டு தரைக்கு இணையாகவே நிற்கும் என்பது வெள்ளாட்டில் ஆராய்ந்து கண்டது. மேய்ந்துகொண்டே சுற்றிலும் பார்க்க அது உதவுகிறது. மந்தை மேயும்போதும் நடுப்பகலில் பாறையில் படுத்து அசைபோடும்போதும் ஒன்று காவல் நிற்கும். சந்தேகம் வந்தால் சீழ்க்கை அடித்ததுபோல ஓர் ஒலி. மொத்த மந்தையும் தலை தூக்கும். இப்படிப் பார்த்தால் வரையாடு கண்ணை நம்பி வாழும் விலங்கு. இதை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

மழைக்காலத்தில் இணைசேரும், ஆறு மாதம் சினை, ஜனவரி, பிப்ரவரியில் பெரும்பாலான குட்டிகள் பிறக்கும். பொதுவாக ஈத்துக்கு ஒன்று. வயதான கிடா கருத்துப்போய் முதுகில் வெள்ளி நிறத்தில் சேணம் போட்டதுபோல ஒரு திட்டு வாங்கும். சுமார் 100 கிலோ எடை. பெட்டை அதில் பாதி. கொம்பு இரண்டுக்கும் உண்டு, பெட்டைக்குச் சிறிது.

எண்ணிக்கையில்தான் கற்பனை எழுத்தாளர்கள் தாராளமாகப் பொய் சொல்கிறார்கள். அரசன் முடிசூடும் விருந்துக்கு ஆயிரம் மலையாடு அறுத்ததாக எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். 2025-இல் இரண்டு மாநிலமும் சேர்ந்து எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365 வரையாடு. உலகத்தில் வேறெங்கும் இது இயற்கையாக இல்லை. அந்த அரசன் விருந்து வைத்தால் இனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ராத்திரியில் போய்விடும். மலை மேய்ச்சல் விலங்கு எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்; ஈத்துக்கு ஒன்று என்றால் இழப்பை ஈடுகட்ட வருடங்கள் ஆகும். இ.ஆர்.சி. டேவிதார் 1975-இல் இந்த விலங்கைப் பற்றி ஆரம்பகால ஆய்வுகளில் ஒன்றைச் செய்தார். அவர் நினைவாக அக்டோபர் 7 வரையாடு தினம். 2023-இல் தமிழ்நாடு அரசு 25.14 கோடி ரூபாயில் வரையாட்டுக்கென்றே தனித் திட்டம் தொடங்கியது. ஒரு நாட்டின் கருவூலம் ஒரு மலையாட்டுக்காகத் திறக்கிறது என்பதையும் உங்கள் அரசனுக்குச் சொல்லிவைக்கலாம்.

தேயிலை வந்தது, யூகலிப்டஸ் வந்தது, சீகை மரம் வந்தது. புல்வெளி துண்டு துண்டாகிவிட்டது. கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தோட்டம். மேலே ஒவ்வொரு முகடும் கடல் நடுவே தீவு மாதிரி தனித்து நிற்கிறது. இந்த முகட்டு மந்தை அந்த முகட்டு மந்தையைப் பார்த்துத் தலைமுறைகள் ஆகியிருக்கலாம். கற்பனை நாட்டில் இது தங்கச் சுரங்கம். ஒவ்வொரு முகட்டிலும் விலங்கு கொஞ்சம் கொஞ்சம் மாறியிருக்கும். மலைச்சாதியினர் குளம்படியைப் பார்த்தே எந்த முகடு என்று சொல்வார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இமயமலையில் இதன் உறவென்று கருதப்பட்ட ஒரு மலையாடு இருக்கிறது, ஓமன் பக்கம் இன்னொன்று. மூன்றையும் நெடுங்காலம் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்தபோது, 2005-இல், கதை மாறியது. நம் வரையாட்டுக்கு நெருங்கிய சொந்தம் செம்மறி; இமயத்தினுடையதற்கு வெள்ளாடு. சாயல்தான் ஒன்று. செங்குத்துப் பாறையில் வாழப் பழகிய உடம்புகள் ஒன்றுபோல ஆகிவிட்டன. ஆகவே உங்கள் விலங்கு எதிலிருந்து வந்தது என்பதில் முழுச் சுதந்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். முயலிலிருந்து வரட்டும், பன்றியிலிருந்து வரட்டும். சரிவில் நிற்க வேண்டும் என்றால் குட்டைக் கால், அகன்ற மார்பு, கவ்வும் குளம்பு என்று மலை அதைத் தன் வழிக்குக் கொண்டுவந்துவிடும்.

ஒரு பயிற்சி: அசுணத்துக்கு உடம்பு

இப்போது செய்துபார்ப்போம். புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. சங்கப் பாட்டில் உடம்பில்லாமல் காத்திருக்கும் ஒரு மலைவிலங்கை எடுத்துக்கொள்வோம்.

அகநானூற்றில், வண்டுக்கூட்டம் ரீங்கரிப்பதை யாழென்று நினைத்துப் பாறைப்பிளவின் குகையில் ஓர் அசுணம் உற்றுக் கேட்கிறது. நற்றிணையில், அசுணத்தைக் கொல்பவரின் கை இன்பமும் துன்பமும் தருவதாகப் பேச்சு வருகிறது: முதலில் யாழ் வாசித்து வெளியே வரவழைப்பார்கள், பிறகு பறையை அறைவார்கள், அது துடித்துச் சாகும். மலை, குகை, காது, யாழ், பறை. நமக்குக் கிடைப்பது இவ்வளவுதான். அது என்ன தின்றது, எத்தனை குட்டி போட்டது என்று அந்தப் பாட்டுகளில் இல்லை. பாட்டுக்கு அது தேவைப்படவும் இல்லை. அசுணத்தைப் புல்மேயும் விலங்காக வைத்துக்கொண்டு கிடைக்காரரின் கேள்விகளைக் கேட்போம்.

ஏன் காது? வரையாடு கண்ணை நம்புகிறது என்று பார்த்தோம். கண்ணை விட்டுக் காதை நம்ப வேண்டுமென்றால் கண் பயன்படாத இடமாக இருக்க வேண்டும். மேகம் ஏறி இறங்கும் முகடு. வருடத்தில் பாதி நாள் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மஞ்சுமூட்டம். அங்கே செந்நாயின் காலடியைக் கேட்பவை பிழைத்தன. மற்றவை போய்ச் சேர்ந்தன. அசுணத்தின் காது இப்படி வளர்ந்தது.

பெரிய காதில் ஒரு சிக்கல் உண்டு. குளிரில் காது வழியே உடம்புச் சூடு போய்விடும். பனிப்பிரதேச முயல்களின் காது குட்டையாக இருப்பது அதனால்தான். நீலகிரி முகடுகளில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிறது. அசுணம் ராத்திரியை வெளியில் கழித்தால் காது விறைத்துவிடும். ஆகவே குகைக்குள் போகிறது. பாட்டில் குகை வந்ததற்கு இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

வண்டின் ரீங்காரத்துக்கு ஏன் மயங்க வேண்டும்? கலாரசனை என்று எழுதலாம். எனக்கு அது போதாது. மூட்டத்தில் தீனியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று யோசியுங்கள். தேனீ இரைகிற இடத்தில் பூ இருக்கும். பூ இருக்கும் இடத்தில் செடி செழித்திருக்கும். அசுணத்தின் முக்கியத் தீனியாகக் குறிஞ்சியை வைத்துவிடுவோம், பூவும் கொழுந்துமாக. நீலக்குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒருமுறை மலை முழுக்கப் பூக்கும். 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. அந்த வருடம் மலையெங்கும் ரீங்காரம். அசுணத்துக்கு அந்தச் சத்தம் என்றால் சோறு. யாழ் நரம்பு எழுப்புவது அதே சத்தம். வேடனுக்குத் தெரிந்த ரகசியம் அதுதான்.

பூத்து விதை போட்டதும் குறிஞ்சிச் செடி செத்துவிடும், இது கற்பனையில்லை. ஆக விருந்து வருடத்தை அடுத்து வருவது பஞ்சம். விருந்தில் பிறந்த குட்டிகள் பஞ்சத்தில் பால் மறக்கின்றன. மந்தை கீழே இறங்கியாக வேண்டும். யாழ் வேடர்கள் அந்த வருடத்துக்காகப் பதினோரு வருடம் காத்திருக்கிறார்கள். கதையின் காலக்கணக்கை விலங்கின் தீனி தானாகவே போட்டுத் தந்துவிட்டது.

பறை? சத்தம் கேட்டதும் நெஞ்சு வெடித்துச் சாவது அழகாக இருக்கலாம். ஆனால் இது பாறை விளிம்பில் நிற்கும் விலங்கு. யாழுக்காகக் காதைத் திறந்து முழுக் கவனத்தையும் கொடுத்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் பறை விழுந்தால் திடுக்கிட்டுத் தாவும். மூட்டத்தில் எந்தப் பக்கம் தாவுவது என்று தெரியாது. மிச்சத்தைப் பள்ளம் பார்த்துக்கொள்ளும். வேடர்கள் பிணத்தை எடுக்கக் கீழே போக வேண்டும். கீழ்ப் பள்ளத்தாக்கு இன்னொரு குடியின் எல்லையாக இருந்தால் அங்கே ஒரு வழக்கு தொடங்கும், மேலிருந்து விழுந்தது யாருடையது என்று.

இனிக் கொம்பு வைக்கலாம். என் அசுணத்துக்குக் கொம்பு வேண்டாம் என்று தோன்றுகிறது. அகன்ற காதும் கொம்பும் ஒரே தலையில் இடிக்கும். நீங்கள் வைப்பதானால் ஒன்றைத் தீர்மானியுங்கள். ஆட்டுக்கொம்பு ஆயுசுக்கும் வளரும், உள்ளே எலும்பு உண்டு, விழாது. மான்கொம்பு வருடாவருடம் விழுந்து முளைக்கும். விழும் கொம்பென்றால் மலையடிவாரத்தில் கொம்பு பொறுக்கிப் பிழைக்கும் ஓர் ஊரே இருக்கும்.

உப்பு

மலைவிலங்கை மலையை விட்டு இறக்கப் பஞ்சத்தைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. புல்லில் உப்புச்சத்து மிகக் குறைவு. மேயும் விலங்கு எதுவானாலும் உப்புக்கு ஏங்கும். இத்தாலியின் வடக்கே சிங்கினோ அணை என்று ஒன்று, ஏறக்குறைய செங்குத்தான கல்சுவர். அந்தச் சுவரில் மலையாடுகள் ஏறி நிற்கும் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீரம் காட்ட ஏறவில்லை. கல்லில் பூத்த உப்பை நக்குவதற்கு ஏறுகின்றன. கென்யாவின் எல்கான் மலையில் கிட்டும் என்ற குகைக்குள் யானைகள் இருட்டில் தடவித் தடவிப் போய்த் தந்தத்தால் சுவரைச் சுரண்டி உப்பு தின்கின்றன. நம் அசுணம் குகையை விடாததற்கு இரண்டாவது காரணமும் கிடைத்தாயிற்று.

அமெரிக்காவின் ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் இந்த ஏக்கம் வேறு மாதிரி முடிந்தது. 1920-களில் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்ட மலையாடுகள், மலையேறுகிறவர்கள் சிறுநீர் கழித்த இடத்தை உப்புக்காகத் தேடி வரப் பழகின. மனிதனைக் கண்டால் விலகாத கொம்பு விலங்கு ஆபத்தானது. 2010-இல் ஒருவர் முட்டுப்பட்டு இறந்தார். 2018 முதல் கண்ணைக் கட்டி, ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு, வேறு மலைக்குக் கொண்டுபோனார்கள். கற்பனைக் கதையில் இதை எழுதியிருந்தால் நம்பமாட்டோம்.

இங்கேதான் சாயல்குடிக்காரனுக்குக் கொஞ்சம் பெருமை. எங்களுக்குக் கிழக்கே வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளம் இருக்கிறது. பாத்தியில் வெள்ளையாகப் படிந்து கிடப்பதை வாரிக் குவிக்கிறார்கள். சங்க காலத்து உமணர்கள் இதே போன்ற நெய்தல் நிலத்து உப்பை வண்டி வண்டியாக ஏற்றி உள்நாட்டுக்கும் மலைக்கும் போனார்கள். உங்கள் மலைவிலங்கின் கதையை மலையில் தொடங்காமல் உப்பளத்தில் தொடங்கிப் பாருங்களேன். வண்டி அடிவாரத்தில் ராத்தங்கலுக்கு நிற்கிறது. மூட்டை ஒன்று ஓட்டையாகி வழியெல்லாம் உப்பு சிந்தியிருக்கிறது. விடியும் முன்னே மூட்டத்திலிருந்து நாக்குச் சத்தம் கேட்கிறது. நேபாளத்தின் டோல்போப் பகுதியில் கவரிமேல் உப்பு ஏற்றி மலை கடந்த வணிகம் தலைமுறைகளாக நடந்தது. உப்பை விரும்பும் விலங்கே உப்பைச் சுமக்கிறது. மூட்டையை எதனால் தைத்தால் அது நக்காது என்பது உங்கள் வணிகர்களின் தொழில் ரகசியமாக இருக்கட்டும்.

ஆட்டை விட்டு வெளியே

மலையில் மேய்வது என்றால் ஆட்டு உருவம்தான் என்று யாரும் விதிக்கவில்லை. எத்தியோப்பிய உயர்நிலத்தில் கெலாடா என்றொரு குரங்கு இருக்கிறது. கையால் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கித் தின்று பகல் முழுக்க உட்கார்ந்திருக்கும். இரவானால் செங்குத்துப் பாறைச் சுவரில் இறங்கித் தூங்கும். கத்தூரிமானின் ஆணுக்குக் கொம்பே கிடையாது, மேல்தாடையிலிருந்து இரண்டு கோரைப்பல் தொங்கும். தின்பது தழையும் பாசியும். கைக்குள் அடங்கும் பைக்கா என்ற உயிர் கோடையில் புல்லை அறுத்துப் பாறை இடுக்கில் உலர்த்தி வைக்கோல் போர் போட்டுக் குளிர்காலத்துக்குச் சேமிக்கிறது. யானை அளவு பைக்காவைக் கற்பனை செய்யுங்கள். அதன் வைக்கோல் போரைத் திருடப் போகும் கிராமம் ஒன்று உடனே வேண்டியிருக்கும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. மேய்க்கிறவர்கள் வைக்கும் பெயர் அடையாளத்தைச் சொல்லும். கொடி ஆட்டில் கறுப்புச் சிதறினால் கரும்போரை, சிவப்புச் சிதறினால் செம்போரை. கன்னி ஆட்டுக்கு முகத்தில் வெள்ளைக் கோடென்றால் பால்கன்னி, செந்நிறக் கோடென்றால் செங்கன்னி. உங்கள் மலைக்குடிகளுக்கு அந்த விலங்கைக் குறிக்க ஒரே பெயர்தான் இருக்கிறது என்றால் அவர்கள் அதோடு வாழவில்லை என்று அர்த்தம். கிடாய்க்கு ஒன்று, சினைக்கு ஒன்று, பல் போடாத குட்டிக்கு ஒன்று, காது கிழிந்ததற்கு ஒன்று என்று தாராளமாக வையுங்கள்.

போய்ப் பார்ப்பவர்களுக்கு

எழுதத் தொடங்கும் முன் ஒருமுறை வரையாட்டை நேரில் பார்த்துவிடுவது நல்லது. எளிய வழி பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறை ஏறும் சாலை. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு; ஒன்பதாவது வளைவையொட்டிய பாறைகளில் அவை அடிக்கடி நிற்கும், சில நேரம் சாலைச் சுவரிலேயே. எங்கள் பக்கத்திலிருந்து போகிறவர்கள் அருப்புக்கோட்டை, மதுரை, பொள்ளாச்சி என்று போகலாம். மூணாறு பக்கம் 1978-இல் தேசியப் பூங்காவான இரவிகுளத்தில் மந்தையாகவே பார்க்கலாம். குட்டி ஈனும் காலத்தில் பார்வையாளர்களை விடமாட்டார்கள், வருடத் தொடக்கத்தில் போவதானால் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

போனதும் கொம்பைப் படம் எடுத்து முடித்துவிடுங்கள். எப்படியும் அதைத்தான் முதலில் எடுப்பீர்கள். அப்புறம் கேமராவைப் பையில் வைத்துவிட்டு ஒரே ஓர் ஆட்டை மட்டும் பாருங்கள். எந்தப் புல்லைக் கடிக்கிறது, எதை முகர்ந்துவிட்டு விடுகிறது, எத்தனை கடிக்கு ஒருமுறை தலை தூக்குகிறது, படுக்கும்போது எந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொள்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் காரில் இருந்து யாராவது மசாலாக் கடலையை நீட்டினால் தடுங்கள். உப்பு ருசி கண்டுவிட்டால் அது சாலையை விட்டுப் போகாது, அந்த வளைவில் லாரியும் பஸ்ஸும் வந்தபடி இருக்கும்.